அக்கா வீட்டு முட்டை

அந்தத் தெருவில் அவளுக்குக் கோழியக்கா என்றுதான் பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தபால்காரர் பதிவுத் தபாலை நீட்டும்போதுகூட, "கோழியக்கா, இங்கே ஒரு கையெழுத்து" என்பார். அவள் கணவர் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் "உள்ளே போ, உள்ளே போ" என்று கத்திய களைப்போ என்னவோ, வீட்டில் அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தால் அது பெரும்பாலும் அவித்த முட்டைக்காகத்தான் இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு துண்டு நிலம். அதில் முப்பது கோழிகள், இரண்டு சேவல்கள், மரத்தூணும் பலகையும் தகரக் கூரையுமாக ஒரு கொட்டகை. காலையில் கதவைத் திறந்துவிட்டால் கோழிகள் நிலம் முழுக்கக் கிளறித் திரியும். பொழுது சாயும்போது தாமாகவே வந்து கட்டைகளில் ஏறி அடைந்துவிடும். முட்டை உடைத்தால் மஞ்சள் கரு செக்கச் செவேலென்று நிமிர்ந்து நிற்கும். கடை முட்டையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "அது முட்டையா? முட்டை மாதிரி ஒண்ணு" என்பாள்.

முட்டை வாங்க வருகிறவர்களுக்கு அவள் மனதில் ஒரு வரிசை இருந்தது. மாசமாக இருப்பவள் முதலில். பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் அடுத்து. பிறகு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். கல்யாணமாகாத ஆண்கள் கடைசி. "உனக்கு எதுக்குப்பா ஒரு டஜன்? ஆறு போதும், போ" என்று அனுப்பிவிடுவாள். இருபத்தாறு வீடுகள் அவளிடம் வாடிக்கை. அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகள் பலர் அவள் முட்டையைத் தின்று வளர்ந்தவர்கள். அதைச் சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினாலு. அன்றைக்குப் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டியவள்தான், அப்புறம் எடுக்கவில்லை. தம்பியைக் குளிப்பாட்டி, ஊட்டி, படிக்க வைத்து, வேலையில் உட்கார வைத்துவிட்டுத்தான் தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். தெருக்கோடியில் பழைய டிரான்ஸ்பார்மர்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதில் உதவியாளாகச் சேர்ந்தவன் ஸ்டோர் கீப்பராக உயர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டில் அவனுக்கு மூன்று முட்டை ஆம்லெட். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அது மாறவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னால் கொட்டகையில் கோழிப்பேன் பிடித்தது. கோழிகள் இறகை உதிர்த்து, தூக்கம் கெட்டு, கட்டையில் ஏறவே பயந்தன. சாம்பல் தூவினாள், சுண்ணாம்பு அடித்தாள், ஒன்றுக்கும் மசியவில்லை. தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து லிட்டர் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இதைப் பூசிப் பாருக்கா. பழைய டிரான்ஸ்பார்மர்லேர்ந்து வடிச்ச ஆயில். கரையானும் வராது, பேனும் வராது."

"கோழிக்கு ஒண்ணும் ஆகாதேடா?"

"நாங்க வெறுங்கையால அள்ளறோம். மேனேஜரே சொல்லியிருக்கார், தண்ணி மாதிரி, ஒண்ணும் பண்ணாதுன்னு."

அவனே சட்டையைக் கழற்றிவிட்டுத் தூண், பலகை, அடையும் கட்டை எல்லாவற்றுக்கும் இரண்டு கை பூசினான். ஒரே வாரத்தில் பேன் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பிறகு வருடா வருடம் மழைக்கு முன்னால் ஒரு கேன் வந்துவிடும். மரமெல்லாம் கருத்து, வெயிலில் பளபளவென்று மின்னும். தரையில் சொட்டியதைக் கோழிகள் கிளறும். பலகையில் உரிந்த சிராய்களைக் கொத்தும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இப்படி எட்டு வருடம் போயிற்று. ஒன்பதாவது வருடம் கேன் வரவில்லை. "பட்டறையில இப்ப எல்லாம் கெடுபிடியா இருக்காங்கக்கா. வெளியே எடுத்துட்டு வர முடியாது" என்றான் தம்பி. சரி, மரம்தான் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறதே என்று அவளும் விட்டுவிட்டாள். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அவன் ஆம்லெட்டையும் நிறுத்தினான். டாக்டர் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று சொன்னாராம், முட்டையைத் தொடவே கூடாதாம். அவளுக்கு மனசு ஆறவில்லை. வயதாகிறதே தம்பிக்கு என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவனுக்கென்று எண்ணெய் குறைத்துக் காய் சமைத்தாள். பிள்ளைகளுக்காவது கொடு என்று முட்டையை நீட்டினால், "அதுங்களுக்கு இப்ப பிடிக்கறதில்லைக்கா" என்று தலையைச் சொறிந்தான்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் பதினைந்து முட்டை அடை வைத்தால் பன்னிரண்டு பொரிக்கும். அது எட்டாகி, ஐந்தாகி, ஒரு தடவை இரண்டில் வந்து நின்றது. மீதி அத்தனையும் கூமுட்டை. பொரித்த குஞ்சுகளில் ஒன்றுக்கு அலகு கோணல். சேவலுக்கு வயதாகிவிட்டது என்று மாற்றினாள். மறு வருடம் அதையும் மாற்றினாள். நடத்துனர் அபூர்வமாக வாயைத் திறந்து, "எத்தனை மாப்பிள்ளைதான் மாத்துவே? பொண்ணு வீட்டுக் குறை என்னன்னும் பாரேன்" என்றார். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில் அவளுடைய மகள் மாசமானாள். கல்யாணமாகி ஐந்து வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. மகள் வீடு பேருந்தில் ஒரு மணி நேரத் தூரம். வாரம் தவறாமல் பதினாலு முட்டைகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி ஒரு டப்பாவில் அடுக்குவாள். தம்பி வேலை விஷயமாக அந்தப் பக்கம் போவான். வண்டியில் முன்னால் வைத்து, உடையாமல், பதமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பிறகும் டப்பா போய்க்கொண்டுதான் இருந்தது. பால் கொடுக்கிறவள் நன்றாகச் சாப்பிட வேண்டாமா?

பேத்திக்கு எட்டு மாதமானபோது ஒரு காலை வேளையில் உணவு ஆய்வாளர் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் பை, கையில் பெயர் ஒட்டிய பெட்டிகள். பட்டறைக்குப் பின்னால் கழிவு எண்ணெயை எரிப்பதாக யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். வெளியே திரியும் கோழி மண்ணைக் கொத்தும், மண்ணில் இருப்பது முட்டையில் தெரியும், அதனால் சுற்றுப்புறத்தில் கோழி வளர்க்கும் ஒன்பது வீடுகளில் முட்டை எடுக்கிறோம் என்றாள். கோழியக்கா பொறுக்கியெடுத்துப் பன்னிரண்டு முட்டைகள் கொடுத்தாள். "நல்லா சோதிச்சுப் பாருங்க மேடம். இந்த மாதிரி முட்டை உங்க பெட்டிக்குள்ள வந்திருக்காது."

மூன்று வாரம் கழித்து ஆய்வாளர் மறுபடி வந்தாள். இந்தத் தடவை உட்காரச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டு வீட்டு முட்டையில பெரிசா ஒண்ணும் இல்லைம்மா. உங்க வீட்டு முட்டையிலதான் இருக்கு. இருக்கலாம்னு சொல்ற அளவைப்போல முப்பது மடங்கு."

"என்ன இருக்கு?"

"பி.சி.பின்னு ஒரு ரசாயனம். பழைய மின்சாரச் சாமான்கள்ல ஊத்தற எண்ணெய்ல இருந்தது. இப்ப அதைத் தயாரிக்கவே கூடாது."

பெட்டி மாறியிருக்கும் என்றாள் கோழியக்கா. இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள் என்றாள். என் கோழிக்கு நான் போடுவதெல்லாம் தானியமும் கீரையும்தான் என்று தீவனப் பானையைத் தூக்கி வந்து காட்டினாள். ஆய்வாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கொட்டகையைப் பார்க்கலாமா என்றாள். போனவள் தூண் அருகே நின்றுவிட்டாள். விரலுறை மாட்டிய கையால் மரத்தைத் தடவி முகர்ந்தாள்.

"இதுல என்னம்மா பூசியிருக்கு?"

பட்டறையில் வடித்த பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய் என்றாள், கொடுத்தது யார் என்று சொல்லாமல். ஆய்வாளர் கட்டையைக் கத்தியால் சுரண்டி ஒரு பொட்டலத்தில் போட்டாள், மண்ணைத் தோண்டி இன்னொன்றில் போட்டாள்.

"வேக வச்சா போயிடாதா மேடம்?"

"போகாதும்மா. அது கொழுப்புல போய் உட்கார்ந்துக்கும். கோழிக்குள்ள போனா மஞ்சள் கருவுல வரும். நாம சாப்பிட்டா நம்ம உடம்புக் கொழுப்புல தங்கிடும். பாதி வெளியே போறதுக்கே பல வருஷம் ஆகும்."

"உடம்பை என்ன செய்யும்?"

"இன்னிக்குச் சாப்பிட்டு நாளைக்கு விழற விஷம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமா சேரும். தைராய்டு, நோய் எதிர்ப்புச் சக்தி, சில வகைப் புற்றுநோய்... வரும்னு சொல்ல முடியாது, வாய்ப்பு கூடும். வயித்துல இருக்கற குழந்தைக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும்தான் அதிகமா கவனிக்கணும்."

கோழியக்கா கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "தாய்ப்பால்ல வருமா?"

"வரும். ஆனா பாலை நிறுத்தச் சொல்லிடாதீங்க. நல்லது அதுலதான் அதிகம். டாக்டரைப் பார்க்கட்டும். முட்டையை மட்டும் இன்னியோட நிறுத்திடுங்க."

அன்று நடத்துனர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முட்டை கேட்கவில்லை. அவள் மகளைப் போனில் கூப்பிட்டு, காரணம் சொல்லாமல், முட்டையைத் தொடாதே என்று மட்டும் சொல்லி வைத்தாள். தம்பிக்கு இது தெரிந்தால் துடித்துப்போவானே என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பாவம், நல்லது செய்வதாக நினைத்துத்தானே கொண்டுவந்து கொடுத்தான். அவனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் வார்த்தை தேடினாள்.

வார்த்தை தேடி முடிப்பதற்குள் ஆய்வாளர் பட்டறைக்குப் போய்விட்டு வந்துவிட்டாள். அவசரமாகச் சோதித்ததில், மரத்தில் இருந்ததும் முட்டையில் இருந்ததும் ஒன்றேதான். பட்டறை நிர்வாகமோ கைவிரித்துவிட்டது. பழைய எண்ணெய் ஆபத்தானது, வெளியே கொண்டு போகக்கூடாது, வீட்டு உபயோகத்துக்குக் கூடாது, கால்நடை இருக்கும் இடத்தில் கூடவே கூடாது என்று எல்லா ஆட்களுக்கும் எழுத்தில் சொல்லி, படித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம் என்று ஒரு தாளைக் கொடுத்தார்களாம்.

"இதுல இருக்கற யாராவது உங்களுக்கு எண்ணெய் கொடுத்தாங்களான்னு பாருங்கம்மா" என்று ஆய்வாளர் அதன் நகலை நீட்டினாள்.

முதல் கையெழுத்தே அவனுடையதுதான். கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்துக் கீழே ஒரு கோடு போடுவான். அந்தக் கோட்டை எங்கே கண்டாலும் அவளுக்குத் தெரியும். தேதியைப் பார்த்தாள். மூன்று வருடம் ஆகிறது. கேன் வராமல் நின்ற வருடம். டாக்டர் கொழுப்பு என்று சொன்ன வருடம். அவன் பிள்ளைகளுக்கு முட்டை பிடிக்காமல்போன வருடம்.

"தெரிஞ்சவங்களாம்மா?"

"கூடப்பிறந்தவன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வரவில்லை. அவள் போனாள். மத்தியானம் மூன்று மணி. தம்பி மனைவி கதவைத் திறந்துவிட்டு, வாங்க என்றுகூடச் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். ஃப்ரிட்ஜின் மேல் கடை முட்டை ஒரு அட்டை இருந்தது. ஒவ்வொரு முட்டையிலும் நீல மையில் முத்திரை. அவள் அதைப் பார்ப்பதைத் தம்பி பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"உட்காருக்கா."

"கொழுப்பு எப்படிடா இருக்கு இப்ப?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவனாகவே ஆரம்பித்தான். "அக்கா, எல்லாம் சரியாயிடும்னுதான் நினைச்சேன். புதுசா பூசலைன்னா பழசு காய்ஞ்சு போயிடும்னு நினைச்சேன். சொன்னா நீ சும்மா இருப்பியா? பட்டறைக்கே வந்து கேட்பே. என் வேலை போயிடும். இன்னும் ஒண்ணரை வருஷம்தான்கா இருக்கு."

"உன் பிள்ளைங்களுக்கு வேண்டாம்னு தோணிச்சு."

"அக்கா..."

"என் பொண்ணு அஞ்சு வருஷம் காத்திருந்து மாசமானது உனக்குத் தெரியும். அந்த டப்பாவை நீதான்டா தூக்கிட்டுப் போனே. வாரா வாரம். வழியில எங்கயாவது கொட்டியிருக்கலாம். உடைஞ்சு போச்சுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதுக்கா உனக்கு வாய் இல்லாம போச்சு?"

"ஒரு தடவை உடைஞ்சுதுன்னு சொல்லலாம். ஒவ்வொரு வாரமும் சொல்ல முடியுமா? நீ ஏன்னு கேட்பே" என்றான் அவன், சின்னக் குரலில். அதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவள் எழுந்தபோது கூடவே எழுந்து வாசல்வரை வந்தான். "அக்கா, ஒரே ஒரு உதவி. அந்த அம்மா எழுதி வாங்க வந்தா, பழைய இரும்புக் கடையில வாங்கினேன்னு சொல்லிடு. எந்தக் கடைன்னு ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு. உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

அவனை இவ்வளவு காலம் தான் எப்படிப் பார்த்தோம், இப்போது எதிரே நிற்கிறவன் யார் என்று அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. செருப்பை மாட்டினாள்.

அன்று மாலையே மகளுக்குக் காரணத்தையும் சொல்லிவிட்டாள். தொலைபேசியில் மகள் குறுக்கிடாமல் கேட்டாள். பின்னால் குழந்தை ஏதோ மழலை பேசிக்கொண்டிருந்தது. "மாமாவுக்குத் தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றாள் இவள். மகள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கோழியக்கா இருபத்தாறு வீடுகளுக்கும் கிளம்பினாள். அலுவலகத்திலிருந்து கடிதம் வரும், நீங்கள் போக வேண்டாம் என்று ஆய்வாளர் சொல்லியிருந்தாள். "முட்டையைக் கையில கொடுத்தவ நான். கடிதத்தை அனுப்பிட்டு வீட்டுக்குள்ள உட்கார்ந்துக்கறதா?" என்று கேட்டுவிட்டு இறங்கினாள். வாசலில் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னாள். என் முட்டையில் விஷச்சத்து இருந்தது. எனக்குத் தெரியாது. வீட்டில் மீதி இருந்தால் சாப்பிடாதீர்கள், பிள்ளைகளை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், "எழுபத்தெட்டு வயசுல எனக்கு வேற எது வந்தாலும் முட்டைமேல பழி போட முடியாது, உள்ளே வாங்க" என்று தண்ணீர் கொடுத்தார். ஒருவர் பாதியிலேயே கதவைச் சாத்தினார். இரட்டைப் பிள்ளைக்காரி ஒருத்தி இருந்தாள். மாசமாக இருந்த நாளிலிருந்து முதல் ஆளாக முட்டை வாங்கியவள். அவள் கோபப்படவில்லை. படியில் அப்படியே உட்கார்ந்து, "உங்களை நம்பித்தானேக்கா கடையில வாங்காம இருந்தேன்" என்றாள். கோழியக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விழுங்கிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் வந்து கோழிகளைக் கொண்டு போனார்கள். கொட்டகையைப் பிரித்து, மண்ணை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, மூடிய வண்டியில் ஏற்றினார்கள். விசாரணையில் அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். முதல் எட்டு வருடம் தம்பிக்கும் தெரியாது, மேனேஜர் தண்ணீர் மாதிரி என்று சொன்னதைத்தான் அவன் நம்பினான் என்பதையும் சேர்த்தே சொன்னாள். மேனேஜர் அப்படிச் சொன்னதே இல்லை என்றார். ஸ்டோர் கீப்பர் திருடியதற்கு நிர்வாகம் எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்டார். தம்பிக்கு வேலை போயிற்று. பட்டறை மூடப்பட்டது, கொஞ்ச நாளில் வேறு ஊரில் வேறு பெயரில் திறந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். தம்பி மனைவி கடைத்தெருவில் நின்று, கூடப்பிறந்தவளே குடியைக் கெடுத்துவிட்டாள் என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள்.

இரத்தச் சோதனை முடிவுகள் வந்தன. கோழியக்காவுக்கும் நடத்துனருக்கும் அளவு அதிகம்தான். மகளுக்கு அதில் பாதிக்கும் குறைவு. குழந்தையின் வளர்ச்சி இதுவரை சரியாக இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். எத்தனை வருடம் என்று மகள் கேட்டதற்கு, அவரால் ஒரு எண்ணைச் சொல்ல முடியவில்லை. எல்லாரையும்விட அதிகமாக இருந்தது தம்பிக்கு. முப்பத்தாறு வருடம் வெறுங்கையால் அள்ளியவன். ஆய்வாளர் அதைச் சொன்னபோது கோழியக்காவுக்கு வயிறு எரிந்தது. அது அவனுக்காகவா, அவன்மேலா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வருடம் ஒரு காலையில் தம்பி வந்தான். இளைத்திருந்தான். வாசல் கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்றான். மகளும் பேத்தியும் அப்போது இங்கேதான் இருந்தார்கள். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, எனக்கு வேற யார் இருக்கா?"

அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கேட்டின் மேலாக நீட்டினாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"தெரியாம கொண்டு வந்து கொடுத்தியே எட்டு வருஷம், அதை நான் எப்பவோ மறந்துட்டேன். தெரிஞ்சு வாயை மூடிட்டிருந்தியே மூணு வருஷம், அதை என்ன செய்யறதுன்னுதான் எனக்குத் தெரியலை. தெரிஞ்சா நானே சொல்லி அனுப்பறேன். அதுவரைக்கும் டாக்டர் சொல்றபடி நட. சோதனைக்குத் தவறாம போ."

சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் நடந்தான். தள்ளாடித் தள்ளாடி நடக்கிறானோ என்று அவளுக்குத் தோன்றியது, சரியாகத் தெரியவில்லை. நடத்துனர் ஜன்னல் பக்கம் வந்து, "கூப்பிடட்டுமா?" என்றார்.

"வேண்டாம்."

அவன் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. மகள் குளித்துக்கொண்டிருந்ததால், சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவளே போய்த் தூக்கிக்கொண்டாள்.